முகச் சிவப்பும் கண் உறுத்தலும்: ரோசேசியாவுக்குக் களிம்பா, மாத்திரையா, லேசரா?

மூன்று வருடம் என் கன்னம் சிவந்து எரிந்தது. அதே மூன்று வருடம் கண்ணும் உறுத்தியது. கன்னத்துக்கு ஒரு டாக்டர், கண்ணுக்கு ஒரு டாக்டர் என்று அலைந்துகொண்டிருந்தேன். தோல் டாக்டர் கண்ணைப் பார்க்கவில்லை, கண் டாக்டர் கன்னத்தைப் பார்க்கவில்லை, நானும் இரண்டையும் ஒரே மூச்சில் யாரிடமும் சொல்லவில்லை. கன்னத்தில் இருப்பது பரு, கண் உறுத்துவது கம்ப்யூட்டரால் என்று முடிவாகியிருந்தது. மூன்றாவதாகப் போன டாக்டர் என் கீழ் இமையின் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தி, கண்ணாடியைக் கையில் கொடுத்தார். தெளிந்த எண்ணெய் கசிய வேண்டிய இடத்தில் பற்பசை மாதிரி வெள்ளையாக, கெட்டியாக ஏதோ வந்தது. "முகத்தில் இருப்பதும் இதுவும் ஒரே நோய்தாம்மா, ரோசேசியா" என்றார்.

அதற்குப் பிறகு இதே பெயரைக் கேட்டுவிட்டு என்னிடம் வருகிறவர்கள் அநேகமாக ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ஒரு டாக்டர் களிம்பு போதும் என்கிறார், இன்னொருவர் மூன்று மாதம் மாத்திரை என்கிறார், ஒரு கிளினிக்கில் லேசருக்கு மொத்தமாகப் பணம் கட்டச் சொல்கிறார்கள். எதை எடுப்பது?

சீட்டு எழுதுவது டாக்டரின் வேலை. ஆனால் எந்தக் கேள்வியோடு அவர் முன்னால் உட்கார வேண்டும் என்பது நம் கையில் இருக்கிறது. என் அனுபவத்திலும் படித்ததிலும் உறுதிப்பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கண்ணில் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் முகத்துக்கான சிகிச்சையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

## எடைபோடும் முன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

கண்ணில் இருக்கிறதா? மணல் விழுந்த மாதிரி உறுத்தல், எரிச்சல், காலையில் இமை ஒட்டிக்கொள்வது, காரணமில்லாமல் நீர் வடிவது, வெளிச்சத்தில் கூசுவது, அடிக்கடி கண்கட்டி வருவது. இதில் இரண்டு இருந்தாலே கண்ணையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ரோசேசியா உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்காவது கண்ணில் ஏதோ ஒரு பாதிப்பு இருக்கும் என்பது பொதுவான கணிப்பு. சிலருக்கு முகத்துக்கு முன்பே கண்ணில் ஆரம்பித்துவிடும்.

முகத்தில் எது தொல்லை? வந்து வந்து போகும் சூடும் சிவப்புமா, போகாமல் நிற்கும் சிவப்பா, சிவந்த பொரிகளும் சீழ்க்கட்டிகளுமா, நூல் நூலாகத் தெரியும் ரத்தக் குழாய்களா, மூக்குத் தோல் தடித்துப் பெருப்பதா. 2002-ல் இந்த நோயை நான்கு வகையாகப் பிரித்திருந்தார்கள். ஒருவர் முகத்திலேயே இரண்டு மூன்று வகை கலந்திருப்பதால், 2017 முதல் அந்தந்த முகத்தில் என்னென்ன இருக்கிறதோ அதற்குத் தகுந்தபடி மருந்தைப் பொருத்துகிறார்கள். பொரிக்குக் கேட்கும் மருந்து ரத்தக் குழாயை ஒன்றும் செய்யாது. இந்த ஒரு விஷயம் தெரிந்திருந்தால் பாதி ஏமாற்றம் மிச்சம்.

உங்கள் தோல் நிறம் என்ன? மாநிறத்திலும் கறுப்பிலும் சில சிகிச்சைகள் கரும்புள்ளியை விட்டுவிட்டுப் போகும்.

கர்ப்பமா, கர்ப்பத்துக்குத் திட்டமா, பால் கொடுக்கிறீர்களா?

முகத்தில் இதற்கு முன் என்ன பூசினீர்கள்? மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய சிவப்பழகு கிரீம் இதில் முதலிடம்.

எத்தனை மாதம் பொறுக்க முடியும், எவ்வளவு செலவழிக்க முடியும்? இது தீர்ந்து ஒழிகிற நோய் இல்லை. அடக்கி வைக்கக்கூடிய நோய். ஒரு தடவைச் செலவைப் பார்த்து முடிவெடுத்தால் கணக்கு தப்பும்.

## இது ரோசேசியாதானா?

ரத்தப் பரிசோதனை எதுவும் இதைக் காட்டிக்கொடுக்காது. பார்த்தும் கேட்டும்தான் கண்டுபிடிக்க வேண்டும். பெரும்பாலும் 30 வயதுக்கு மேல், முகத்தின் நடுப்பகுதியில், அதாவது இரு கன்னம், மூக்கு, நெற்றியின் நடு, தாடை ஆகிய இடங்களில் வரும்.

பருவோடுதான் இது அதிகம் குழப்பிக்கொள்ளப்படுகிறது. பருவில் கருமுள்ளும் வெள்ளை முள்ளும் (பிளாக்ஹெட், வொயிட்ஹெட்) இருக்கும், ரோசேசியாவில் இருக்காது. மூக்கின் இரு பக்க மடிப்பிலும் புருவத்திலும் செதில் செதிலாக உரிந்து, தலையில் பொடுகும் இருந்தால் அது பொடுகு சார்ந்த தோல் அழற்சியாக இருக்கலாம். வண்ணத்துப்பூச்சி இறகு விரித்த மாதிரி இரு கன்னமும் சிவந்து, மூக்கோர மடிப்பு மட்டும் தப்பியிருந்து, மூட்டு வலி, வாய்ப்புண், சோர்வு கூட இருந்தால் லூபஸா (உடம்பின் எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்கும் நோய்) என்று பார்க்க வேண்டும். அதில் சீழ்க்கட்டி வராது. மங்கு பழுப்பாக இருக்கும், சுடாது.

புத்தகங்களில் வரும் படங்களெல்லாம் வெள்ளைத் தோலில் எடுத்தவை. தக்காளி மாதிரி சிவந்த முகத்தைப் பார்த்துவிட்டு "நமக்கு இப்படி இல்லையே" என்று நினைத்துவிடுகிறோம். நம் நிறத்தில் அந்தச் சிவப்பு கருஞ்சிவப்பாகவோ, லேசான ஊதா கலந்த பழுப்பாகவோ மட்டுமே தெரியும். "வெயில்ல கறுத்துட்ட" என்று பக்கத்து வீட்டில் சொல்வார்கள். அதனால் நிறத்தைவிட உணர்ச்சியை நம்புங்கள். தாளிக்கும்போது, சூடாக ரசம் குடிக்கும்போது, கோபம் வரும்போது கன்னம் மட்டும் இஸ்திரிப் பெட்டியைக் கிட்டே பிடித்த மாதிரி சுடுகிறதா? புதிதாக எதைப் பூசினாலும் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறதா? இரண்டு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று காலையில் எழுந்ததும் ஜன்னல் வெளிச்சத்தில், இன்னொன்று சமையல் முடித்த கையோடு அதே இடத்தில். டாக்டர்கள் மெல்லிய கண்ணாடித் துண்டால் கன்னத்தை அழுத்திப் பார்ப்பார்கள். அழுத்தும்போது வெளுத்து, எடுத்ததும் நிறம் திரும்பினால் அது ரத்தக் குழாயின் சிவப்பு.

கண்ணுக்கும் வீட்டிலேயே ஒரு பார்வை பார்க்கலாம். நல்ல வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று கீழ் இமையைச் சற்று கீழே இழுங்கள். இமைமயிர் முளைக்கும் வரிசைக்கு உள்பக்கம், ஈரம் தொடங்கும் ஓரத்தில், ஊசிமுனை அளவுப் புள்ளிகள் வரிசையாக இருக்கும். அவை எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய். மேல் இமையில் 25 முதல் 40 வரை, கீழ் இமையில் 20 முதல் 30 வரை உண்டு. அந்த ஓரம் தடித்து, நூல் மாதிரி ரத்தக் குழாய்கள் ஓடி, வாய்கள் அடைத்துத் தெரிந்தால் சந்தேகம் வலுவானது. அந்த எண்ணெய்தான் கண்ணீர் ஆவியாகாமல் மேலே படலமாக மூடுகிறது. அது வராவிட்டால் கண்ணில் நீர் வடிந்தாலும் கண் உலர்ந்துதான் இருக்கும்.

கண்ணில் வலி, பார்வை மங்கல், வெளிச்சத்தைப் பார்க்கவே முடியாத கூச்சம் வந்தால் இந்த ஒப்பீடெல்லாம் அப்புறம். அன்றைக்கே கண் டாக்டரிடம் போங்கள். ரோசேசியா கருவிழியைத் தொட்டால் அங்கே புண்ணாகி, தழும்பாகி, பார்வையையே குறைத்துவிடும்.

## ஸ்டீராய்டு கிரீம் பூசியவர்கள் முதலில் இதைப் படியுங்கள்

தங்கை கல்யாணத்துக்கு முன் நானும் ஒரு கிரீம் வாங்கிப் பூசினேன். பத்தே நாளில் முகம் பளிச்சென்று ஆனது. இரண்டு மாதம் கழித்து நிறுத்தினேன், மூன்றாம் நாளே முகம் கொதித்தது. மறுபடி பூசினேன், அடங்கியது. இந்தச் சுழலில் மாட்டிக்கொண்டவர்கள் நம் ஊரில் ஏராளம். அந்த டியூபில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் சின்ன எழுத்தில் இருக்கும். இந்த ஸ்டீராய்டுகளை முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் விரிந்து, ரோசேசியா மாதிரியே ஒரு முகத்தை உண்டாக்கும். ஏற்கனவே ரோசேசியா இருந்தால் அதை இன்னும் கிளப்பிவிடும். 2018-ல் மத்திய அரசு இப்படிப்பட்ட 14 ஸ்டீராய்டு கிரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. இன்றும் சில இடங்களில் கேட்டால் கிடைக்கிறது என்பதுதான் வேதனை.

இதைப் பூசிக்கொண்டே எந்தச் சிகிச்சையை எடுத்தாலும் பலன் இருக்காது. நிறுத்தும்போது சில வாரங்கள் முகம் மோசமாகும், சிலருக்கு மாதக்கணக்காகும். "புது மருந்து ஒத்துக்கொள்ளவில்லை" என்று அதையும் நிறுத்திவிடுகிறோம். படிப்படியாகக் குறைப்பதா, ஒரேயடியாக விடுவதா என்று தோல் டாக்டரிடம் கேட்டு, அந்த வாரங்களைத் தாங்க அவர் கொடுப்பதோடு தாண்டிவிடுங்கள். டியூபைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் எடுத்துக்கொண்டு போங்கள். பெயர் தெரிந்தால்தான் அவரால் கணக்குப் போட முடியும்.

## வழி 1: தூண்டுவதைத் தவிர்ப்பது

செலவில்லாத வழி. லேசான, வந்து போகும் சிவப்புக்கு இதுவே சில மாதம் போதும். மற்ற எந்த வழியை எடுத்தாலும் இதைக் கூடவே செய்தாக வேண்டும்.

வெயில்தான் முதல் எதிரி. குடை, அதோடு எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன். ஜிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டை ஆக்சைடு உள்ளவை அதிகம் எரியாது. வெள்ளை பூத்த மாதிரி தெரிந்தால் தோல் நிறம் சேர்த்த வகை கிடைக்கிறது. அடுத்தது அடுப்படிச் சூடு. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுவிட்டுச் சமைப்பதும், குக்கரைத் திறக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வதும் எனக்கு எந்த மருந்துக்கும் குறையாத பலன் தந்தன. சளிக்கு ஆவி பிடிப்பது, பார்லரில் முகத்துக்கு ஆவி, பிளீச், ஸ்க்ரப், எலுமிச்சைச் சாறு எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள்.

காபியை விட வேண்டுமா என்று கேட்காதவர் இல்லை. பெரும்பாலும் சூடுதான் முகத்தைச் சிவக்க வைக்கிறது. அமெரிக்க நர்ஸ்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2018-ல் வெளியிட்ட ஆய்வில், காபி அதிகம் குடித்தவர்களுக்கு ரோசேசியா குறைவாகத்தான் வந்திருந்தது. டபராவில் இரண்டு ஆற்று ஆற்றிவிட்டுக் குடியுங்கள். காரம் சிலருக்கு ஆகாது, சிலருக்கு ஒன்றும் செய்யாது. இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால் உங்களுக்கு எது என்று தெரிந்துவிடும். மொத்தச் சாப்பாட்டையும் பத்தியமாக்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகளும் முகத்தைச் சிவக்க வைக்கும். நீங்களாக நிறுத்தாமல், மாற்று உண்டா என்று கேளுங்கள்.

பொரி வந்துவிட்டாலோ கண்ணில் இருந்தாலோ இது மட்டும் போதாது. இந்த வழியிலேயே வருடக்கணக்கில் நின்றுவிட்டால், மாதாமாதம் கண்ணில் நடப்பதைக் கவனிக்காமல் விட்டுவிடுவோம். நான் விட்டேன்.

## வழி 2: களிம்பு

பொரியும் சீழ்க்கட்டியும் மிதமாக இருந்து, கண்ணில் ஒன்றும் இல்லை என்றால் இங்கே தொடங்குவதுதான் சரி. மூன்று பெயர்கள் தெரிந்திருந்தால் போதும்.

மெட்ரோனிடசோல் மிகப் பழையது. விலை குறைவு, எரிச்சலும் குறைவு. பலன் தெரிய 8 முதல் 12 வாரம் ஆகும்.

ஐவர்மெக்டின் 1 சதவீதக் கிரீம் புதியது, அமெரிக்காவில் 2014-ல் அனுமதி பெற்றது. நம் எல்லார் முகத்திலும் மயிர்க்கால்களுக்குள் டெமோடெக்ஸ் என்ற கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணி வாழ்கிறது. ரோசேசியா உள்ளவர்களுக்கு அது எண்ணிக்கையில் அதிகம். ஐவர்மெக்டின் அதையும் குறைக்கும், அழற்சியையும் தணிக்கும். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்டு 2015-ல் வெளியான ஆய்வில் 962 பேருக்கு 16 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ஐவர்மெக்டின் பூசியவர்களுக்குப் பொரிகள் 83 சதவீதம் குறைந்தன, மெட்ரோனிடசோல் பூசியவர்களுக்கு 74 சதவீதம். நிறுத்திய பிறகு நோய் திரும்பவும் ஐவர்மெக்டினில் கொஞ்சம் கூடுதல் நாள் பிடித்தது. வித்தியாசம் உண்மைதான், ஆனால் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் இல்லை. கையில் பணம் இறுக்கமாக இருந்தால் மெட்ரோனிடசோலை எடுப்பதில் தவறே இல்லை. ஐவர்மெக்டினை ஒரு நாளைக்கு ஒரு தடவை பூசினால் போதும் என்பது வேலைக்குப் போகிறவர்களுக்குச் சௌகரியம்.

மூன்றாவது அசிலாயிக் அமிலம், 15 சதவீத ஜெல். நம் நிறத்துக்கு எனக்குப் பிடித்தது இதுதான். பொரி ஆறிய இடத்தில் விழும் கரும்புள்ளியையும் இது மெதுவாக மங்கச் செய்யும். கர்ப்ப காலத்திலும் டாக்டர்கள் தயங்காமல் எழுதுவார்கள். முதல் இரண்டு வாரம் குறுகுறுக்கும், எரியும். மாய்ஸ்சரைசர் பூசி அதன் மேல் இதைப் பூசினால் தாங்கலாம்.

நிலையான சிவப்பை மட்டும் குறைக்க பிரிமோனிடின் ஜெல் இருக்கிறது. ரத்தக் குழாயைச் சுருக்கி அரை மணி நேரத்தில் முகத்தை வெளுக்க வைக்கும், 12 மணி நேரத்துக்குள் கலைந்துவிடும். விசேஷத்துக்குப் போக நன்றாகத்தான் இருக்கும். ஆனால் சிலருக்கு மருந்து இறங்கும்போது முன்பைவிட அதிகமாகச் சிவந்து எரிகிறது. முக்கியமான நாளில் முதல் தடவையாகப் போட்டுப் பார்க்காதீர்கள்.

களிம்பில் பலருக்கும் சொல்லப்படாத செலவு, கூடவே வேண்டிய மென்மையான ஃபேஸ்வாஷ், மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன். மருந்தைவிட இவைதான் மாதச் செலவில் அதிகம் போகும். அதைவிடப் பெரியது பொறுமை. நான்காவது வாரத்தில் "ஒன்றும் கேட்கவில்லை" என்று விட்டவர்களே அதிகம். இன்னொன்று, முகத்தில் பூசும் எந்தக் களிம்பும் கண்ணுக்குள் இருப்பதைச் சரி செய்யாது.

## வழி 3: மாத்திரை

பொரிகள் நிறைய இருந்தாலோ, களிம்பு 12 வாரத்தில் போதவில்லை என்றாலோ, கண்ணில் மிதமான பாதிப்பு இருந்தாலோ டாக்சிசைக்கிளின் வரும். தோலுக்கும் கண்ணுக்கும் ஒரே மாத்திரை வேலை செய்வதுதான் இதன் பலம். கண்ணில் இருப்பவர்களுக்கு நான் களிம்பைவிட இதைப் பற்றி முதலில் பேசச் சொல்வதற்குக் காரணமும் அதுதான்.

இது ஆன்டிபயாடிக்தான், ஆனால் இங்கே கிருமியைக் கொல்வதற்காகக் கொடுப்பதில்லை. அழற்சியைத் தணிக்கக் கொடுக்கிறார்கள். அதனால்தான் 40 மி.கி. அளவில் மெதுவாகக் கரையும் வகை ஒன்று 2006-ல் அமெரிக்காவில் வந்தது. கிருமிகளைப் பழக்கிவிடாத அளவுக்குக் குறைந்த டோஸ், பொரிகளுக்கு 100 மி.கி.க்குச் சமமான பலன், வயிற்றுத் தொல்லை குறைவு. நம் கடைகளில் எளிதாகக் கிடைப்பது 100 மி.கி. டாக்டர் அதை எழுதினால், குறைந்த டோஸ் கிடைக்குமா, எத்தனை வாரத்தில் நிறுத்துவோம் என்று கேட்பது உங்கள் உரிமை.

இதன் மறைமுகச் செலவு சாப்பிடும் விதத்தில் இருக்கிறது. இரவு படுக்கப் போகும்போது ஒரு வாய்த் தண்ணீரில் விழுங்கிவிட்டுப் படுத்தால், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு வலிக்கும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு சாப்பிட்டு, அரை மணி நேரமாவது உட்கார்ந்தோ நின்றோ இருங்கள். இரும்புச் சத்து, கால்சியம், அசிடிட்டி மருந்துகள் இதன் கூடச் சேர்ந்தால் மாத்திரை உடம்பில் ஏறாது. இரண்டு மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள். வெயில் பட்டால் தோல் சீக்கிரம் கருகும், அக்னி நட்சத்திரத்தில் இந்தக் கோர்ஸைத் தொடங்குகிறவர்கள் குடை இல்லாமல் வெளியே போகக் கூடாது. பெண்களுக்குப் பூஞ்சைத் தொற்று வரலாம். கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் இது ஆகாது, அவர்களுக்கு அசித்ரோமைசின் போன்ற வேறு மருந்துகள் உண்டு. திடீரென்று கடுமையான தலைவலியும் பார்வை மங்கலும் வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள், அரிதாக மண்டைக்குள் அழுத்தம் கூடும்.

ஐசோட்ரெட்டினாயின் பற்றி ஒரு எச்சரிக்கை. பருவுக்குப் பேர்போன மாத்திரை. எதற்கும் கேட்காத ரோசேசியாவுக்கும், மூக்கு தடிக்கத் தொடங்கும் நிலைக்கும் குறைந்த டோஸில் கொடுப்பதுண்டு. ஆனால் அது தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளைச் சுருக்குகிற மாதிரியே இமையின் எண்ணெய்ச் சுரப்பிகளையும் சுருக்கிவிடும். ஏற்கனவே உறுத்துகிற கண் இன்னும் காய்ந்துபோகும். கருவில் இருக்கும் குழந்தைக்குப் பெரும் ஊனத்தை உண்டாக்கும் மருந்தும்கூட. பரு என்று நினைத்து இதை எழுதும் டாக்டரிடம் "எனக்குக் கண்ணும் உறுத்துகிறது" என்று சொன்னால் முடிவே மாறலாம்.

## வழி 4: லேசர்

நூல் நூலாக ஓடும் ரத்தக் குழாய்களுக்கும், எந்தக் களிம்புக்கும் அசையாத நிலையான சிவப்புக்கும் லேசர்தான் பலன் தரும். இதில் மாற்றுக் கருத்து இல்லை. பொரிக்கு இது முதல் சிகிச்சை கிடையாது, அதை மருந்தால் அடக்கிவிட்டுத்தான் இங்கே வர வேண்டும்.

சிக்கல் நம் நிறத்தில் இருக்கிறது. லேசர் ஒளி ரத்தத்தின் சிவப்பைத் தேடிப் போய்ச் சுடுகிறது. வழியில் இருக்கும் மெலனினும், அதாவது தோலுக்கு நிறம் தரும் பொருளும், அதே ஒளியை உறிஞ்சும். வெள்ளைத் தோலில் அது பொருட்டில்லை. மாநிறத்தில் கொப்புளமும், அது ஆறிய பிறகு மாதக்கணக்கில் கரும்புள்ளியும் மிஞ்சலாம். ஐ.பி.எல். எனப்படும் பல அலைநீள ஒளியில் இந்த ஆபத்து அதிகம். 595 நானோமீட்டர் பல்ஸ்டு டை லேசர் வெள்ளைத் தோல்காரர்களுக்கு நன்றாகப் பழகியது. கறுத்த தோலுக்கு 1064 நானோமீட்டர் லாங் பல்ஸ் என்.டி. யாக் லேசர் மெலனினை ஓரளவு தாண்டி ஆழத்துக்குப் போவதால் ஒப்பீட்டில் பாதுகாப்பு. மொத்தமாகப் பணம் கட்டும் முன் "உங்கள் மெஷின் எது? என் நிறத்தில் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்? காதோரம் ஒரு சின்ன இடத்தில் முதலில் சோதித்துப் பார்ப்பீர்களா?" என்று மூன்று கேள்வி கேளுங்கள். மழுப்பலான பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

ஒரு தடவையோடு முடியாது. மூன்று நான்கு வார இடைவெளியில் மூன்று முதல் ஐந்து தடவை, பிறகு ஒன்றிரண்டு வருடத்தில் திரும்பவும். ஒவ்வொரு தடவையும் ஆயிரக்கணக்கில் செலவு. அழகுச் சிகிச்சை என்று சொல்லிப் பெரும்பாலும் இன்சூரன்ஸில் வராது. சுட்ட தோலை வெயில் படாமல் காப்பது தனி வேலை. பைக்கில் சுற்றி விற்பனை செய்கிறவர், வயல் வேலை பார்க்கிறவர் போன்றோர் இதையும் கணக்கில் வைக்க வேண்டும். மூக்கு ஏற்கனவே தடித்துப் பெருத்துவிட்டவர்களுக்கு வேண்டியது வேறு, கார்பன் டை ஆக்சைடு லேசரோ அறுவையோ செய்து வடிவத்தைத் திருத்துவார்கள்.

## கண்ணுக்கு, எந்த வழியை எடுத்தாலும்

மேலே உள்ள நான்கில் எதைத் தேர்ந்தெடுத்தாலும், கண் உறுத்தல் இருந்தால் இது தினசரிப் பாடம். இமைச் சுரப்பிக்குள் கெட்டியாகிப்போன எண்ணெயை உருக்கி வெளியேற்றுவதுதான் வேலை.

சுத்தமான பருத்தித் துணி, ஒரு கிண்ணம், பிளாஸ்கில் வெந்நீர். துணியை நனைத்துப் பிழிந்து, மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இதமாக இருக்க வேண்டும், சுடக் கூடாது. மூடிய இமைமேல் வையுங்கள். ஈரத் துணி இரண்டே நிமிடத்தில் ஆறிவிடும், பலரும் அங்கேதான் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் உருக 5 முதல் 10 நிமிடம் சூடு நிற்க வேண்டும், ஆகவே துணியை மாற்றிக்கொண்டே இருங்கள். பிறகு மேல் இமையை மேலிருந்து கீழாகவும், கீழ் இமையைக் கீழிருந்து மேலாகவும், ஓரத்தை நோக்கி விரல் நுனியால் மெதுவாக நீவுங்கள். கண்ணையே அழுத்தித் தேய்க்க வேண்டாம். கடைசியாக இமைமயிரின் அடியை இமைக்கென்று விற்கும் துடைப்பானால் துடைத்துவிடுங்கள்.

இங்கே ஒரு முரண்பாடு உண்டு. கண்ணுக்குச் சூடு வேண்டும், கன்னத்துக்குச் சூடு ஆகாது. நான் துணியை இரண்டு விரல் அகலத்துக்கு மடித்து இமையை மட்டும் மூடி, டேபிள் ஃபேனைக் கன்னத்துப் பக்கம் வைத்துவிட்டு உட்காருவேன். கிண்ணத்தின் மேல் குனிந்து ஆவி பிடிக்கிற மாதிரி செய்தால் கண் தெளிந்து முகம் கொதிக்கும்.

இதோடு பிரிசர்வேட்டிவ் இல்லாத செயற்கைக் கண்ணீர் சொட்டு. போதாவிட்டால் டாக்டர் அசித்ரோமைசின் சொட்டோ, சைக்ளோஸ்போரின் சொட்டோ சேர்ப்பார். இரண்டாவது பலன் தர மாதங்கள் ஆகும். இமைமயிரின் அடியில் குழாய் போட்ட மாதிரி பொடுகு ஒட்டியிருந்தால் அது டெமோடெக்ஸ், அதற்குத் தனி மருந்து. மீன் எண்ணெய் மாத்திரையில் எனக்கு நம்பிக்கை குறைந்துவிட்டது. உலர் கண் உள்ள 535 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியிட்ட பெரிய ஆய்வில் அது ஆலிவ் எண்ணெயைவிட மேலாக எதுவும் செய்யவில்லை.

கண் சிவப்பைப் போக்கும் சொட்டு மருந்தைக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். ரத்தக் குழாயைச் சுருக்கும் வகை, விட்டதும் இன்னும் சிவக்கும். ஸ்டீராய்டு சொட்டாக இருந்தால் இன்னும் மோசம். டாக்டர் கண்காணிப்பில் சில நாள் போடுவது வேறு. பழைய பாட்டிலை எடுத்து நாமாகவே போட்டுக்கொண்டிருந்தால் கண் அழுத்தம் ஏறும், புரை விழும்.

## ஒரே பார்வையில்

| | களிம்பு | மாத்திரை | லேசர் | இமைப் பராமரிப்பு |
|---|---|---|---|---|
| பொரி, சீழ்க்கட்டி | நல்ல பலன் | மிக நல்ல பலன் | முதல் தேர்வு இல்லை | இல்லை |
| நிலையான சிவப்பு | ஓரளவு | ஓரளவு | நல்ல பலன் | இல்லை |
| ரத்தக் குழாய்கள் | இல்லை | இல்லை | நல்ல பலன் | இல்லை |
| கண் உறுத்தல் | இல்லை | உண்டு | பொதுவாக இல்லை | உண்டு, தினமும் செய்தால் |
| பலன் தெரிய | 8–12 வாரம் | 4–8 வாரம் | 3–5 தடவைக்குப் பின் | 2–6 வாரம் |
| கர்ப்பத்தில் | அசிலாயிக் அமிலம் சரி | டாக்சிசைக்கிளின் கூடாது | தள்ளிப்போடலாம் | சரி |
| மாநிறத்தில் ஆபத்து | குறைவு | வெயிலில் கருகும் | கரும்புள்ளி | இல்லை |
| மறைந்திருக்கும் செலவு | கூடப் பூசுபவை, பொறுமை | வயிறு, தொண்டை, வெயில் | திரும்பத் திரும்பப் பணம் | தினம் 15 நிமிடம் |

## யாருக்கு எது

கண்ணில் ஒன்றும் இல்லை, பத்துப் பதினைந்து பொரி: அசிலாயிக் அமிலமோ ஐவர்மெக்டினோ, 12 வாரம் விடாமல். பொரியோடு கண்ணும் உறுத்துகிறது: டாக்சிசைக்கிளினைப் பற்றிப் பேசுங்கள், இமைப் பராமரிப்பை இன்றே தொடங்குங்கள். மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்தி, களிம்பால் பிடித்து வைத்துக்கொள்ளலாம். நான் எடுத்தது இந்த வழி. பொரியெல்லாம் அடங்கி ரத்தக் குழாய் மட்டும் மிச்சமிருக்கிறது, கையில் பணமும் இருக்கிறது: அப்போது லேசர். பிள்ளை பெறத் திட்டமிடுகிறவர்கள் அசிலாயிக் அமிலமும் இமைத் துணியும் என்று நிற்கலாம்.

குழந்தைகளைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்கிறேன். ஒரு குழந்தைக்கு வருடத்தில் மூன்று நான்கு தடவை கண்கட்டி வந்து, கண் எப்போதும் சிவந்து, வெளிச்சத்தில் கண்ணை இடுக்கிக்கொண்டு, கன்னத்திலும் சின்னச் சின்னப் பொரி இருந்தால், அதுவும் ரோசேசியாவாக இருக்கலாம். குழந்தை "உறுத்துது" என்று சொல்லாது, கண்ணைக் கசக்கும். மொபைல் அதிகம் பார்ப்பதால் என்று திட்டிவிட்டு விட்டுவிடுகிறோம். அடுத்த கண்கட்டிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்த கையோடு, கன்னம் நன்றாகத் தெரிகிற மாதிரி ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டு கண் டாக்டரிடம் கூட்டிப் போங்கள்.